இருபத்து மூன்று தோள்

வடகரப்பதி
9.6.2024

அன்புள்ள அக்கா அன்னாளுக்கு,

தம்பி செபாஸ்டின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மனைவி நிமியும் சுகம். நீங்களும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்? மழை தொடங்கிவிட்டதே, மச்சானின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம்தான். ஆனால் சிக்னலுக்காகக் குருசடிப் பாறையில் ஏறி நின்று, பின்னால் நாலு பேர் முறைக்குக் காத்திருக்க, புருஷனின் உடம்பைப் பற்றிப் பேசுவது உங்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

ஒரு நல்ல செய்தி. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வானியல் கையேடு தயாராகிறது. அதற்கான ஐந்து பேர் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நிலவு மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். நானூறை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும் என்பதைத் தவிர அந்த எண்ணைப் பற்றி அவர்களுக்கு எந்த உணர்ச்சியும் இல்லை. ஆகவே வானத்துத் தூரங்களைப் பிள்ளைகள் அன்றாடம் புழங்கும் அளவுகளில் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

முதல் கூட்டத்தில் யானைகளை வரிசையாக நிறுத்தி நிலவு வரைக்கும் அளந்தார்கள். இடுக்கிப் பிள்ளைகள் யானையைப் பார்த்தால் ஓடுவார்களே தவிர எண்ண மாட்டார்கள் என்று நான் சொன்னேன். யானை நீக்கப்பட்டது. அப்படியானால் உங்கள் பக்கத்து அளவுகளை நீங்களே கொண்டுவாருங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் என்னிடம் விட்டுவிட்டார்.

எஸ்டேட்டை விட்டு நான் வந்து இருபது வருடம் ஆகிறது. அங்கே இப்போது தூரத்தை எதைக் கொண்டு சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புத் தம்பி,
செபாஸ்டின்


ஏலப்பாறை, மேல் லயம்
30.6.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்து பத்து நாள் டீக்கடையில் கிடந்திருக்கிறது. ஷிஜு நல்லவன். வடைத் தட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தான். படிக்கும்போது எண்ணெய் வாசனை அடித்தது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நலம். மச்சான் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டார். இருதயம் பெரிதாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதை லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்.

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து 'நீ' என்றுதான் கூப்பிட்டாய். வடகரப்பதித் தண்ணீரில் மரியாதை அதிகம் போல. பாதிக் கடிதம் வரை இது வேறு யாருடைய அக்காவுக்கோ வந்தது என்று நினைத்தேன்.

எஸ்டேட் பூட்டிக் கிடக்கிறது, அளப்பதற்கு ஒன்றும் இல்லை. நடப்பது மட்டும் நிற்கவில்லை. குருசடிப் பாறை ஒரு கூப்பாடு தூரம். பழைய தேயிலை ஆபீஸ் மூன்று பீடி தூரம். மச்சானுக்கு டாக்டர் பீடியை நிறுத்திவிட்டார், அதனால் அவருக்கு எல்லா இடமும் ஒரே தூரம்.

பெரிய அளவு தோள்தான். உனக்கு நினைவிருக்கும். லயத்தில் முடியாதவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கம்பில் கட்டி, நாலு பேர் டீக்கடை முக்குக்குத் தூக்கிப் போகிறார்கள். அங்கேதான் ஜீப் வரும். முன்னால் இருப்பவன் 'மாத்துடே' என்று சொன்னதும் அடுத்த ஆள் தோள் கொடுப்பான். ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவே உள்ளது ஒரு தோள். முன்பு கம்பிளியில் தொட்டில் கட்டினார்கள். இப்போது பிளாஸ்டிக் நாற்காலி. காலம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

உன் நிலவு விஷயத்தை மச்சானிடம் சொன்னேன். "ஏட்டி, நெலாவுக்குப் போறது ஏத்தமா எறக்கமான்னு ஒன் தம்பிகிட்ட கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

இன்னொரு காரியம். முக்கிலிருந்து லயம் வரைக்கும் ஜீப் ஏறும்படி பாதை வெட்ட ஒரு திட்டம் வந்திருக்கிறதாம். முதல் பட்டியலில் வந்தால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜேசிபி வரும் என்று பஞ்சாயத்து மெம்பர் சொன்னார். அபேக்ஷைப் படிவம் மலையாளத்தில் இருக்கிறது. தூரத்துக்கு அரசு சம்பளம் வாங்கும் ஒருவர் சான்று போட வேண்டுமாம். கீழ் லயத்துக்காரர்கள் தங்களுடையதை ஷிஜுவை வைத்து எழுதி, வில்லேஜ் ஆபீஸில் யாரையோ பிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நமக்கு நீ இருக்கிறாய். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சீக்கிரம் அனுப்பு. அவரை நாற்காலியில் வைக்கிற நிலைமை வருவதற்கு முன்னால் பாதை வந்துவிட்டால் நல்லது.

அக்கா,
அன்னாள்


வடகரப்பதி
14.7.2024

அன்புள்ள அக்கா,

சுகம், சுகமறிய ஆவல். தோள் என்ற அளவைப் படித்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இதைவிடச் சிறந்த அளவு எந்த நாட்டுப் பாடப் புத்தகத்திலும் இருக்காது.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவைத் தூக்கிப் போனார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி எண்ணியது நான்தான். சரியாக இருபத்து மூன்று தோள். முதல் தோள் நம் வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை. அது நூறு மீட்டர் என்று பிறகு விளையாட்டுப் போட்டிக்கு அளந்தபோது தெரிந்தது. ஆகவே ஒரு தோள் நூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். நிலவு முப்பத்தெட்டு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் தோள். சூரியன் ஏறக்குறைய நூற்றைம்பது கோடித் தோள். எழுதிப் பார்த்தபோது எனக்கே தோள் வலித்தது.

ஒரு சந்தேகம். அளவு என்றால் அது மாறக் கூடாது. எல்லாத் தோளும் ஒரே நீளமா? நோயாளியின் எடையைப் பொறுத்து மாறுமா? உறுதிப்படுத்துங்கள்.

மச்சானின் கேள்விக்கு: வானவெளியில் ஏற்றம் இறக்கம் கிடையாது. அந்தக் கேள்விக்கு அர்த்தம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

படிவத்தை நிரப்பி, பள்ளி முத்திரை வைத்துக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது என் பழக்கம் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் நம் லயத்தையும் முக்கையும் குறித்து அளந்தேன். எண்ணூற்று நாற்பது மீட்டர். இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம். தூரம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள நேர்கோடு. வளைவையும் மூச்சிரைப்பையும் சேர்த்து எண்ணுவது மனிதர்களின் வழக்கம். விஞ்ஞானம் அவற்றைச் சேர்ப்பதில்லை.

பாதை வந்ததும் முதல் ஜீப்பில் நான் வருவேன்.

தம்பி,
செபாஸ்டின்


மேல் லயம்
11.8.2024

தம்பிக்கு,

இங்கே மழையைத் தவிர எல்லாரும் ஓய்ந்திருக்கிறோம். உனக்கும் நிமிக்கும் காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

படிவத்தை ஆபீஸில் கொடுத்துவிட்டேன். உன் கையெழுத்தைப் பார்த்து அங்கே இருந்த பெண் அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கொடுப்பதற்கு முன்னால் ஷிஜு பார்த்தான். "சேச்சி, இருபத்தி மூணு தோளுன்னு உங்க தம்பிதான சொல்றாரு? நூறால பெருக்கினா இந்தக் கணக்கு வரலியே" என்றான். பத்தாம் வகுப்பு தேறாதவன் வாத்தியார் எழுதியதைத் திருத்துவதா என்று வாயை அடைத்துவிட்டேன். கீழ் லயத்துக்கு அவன் மூன்று கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அவர்கள் வீடு நம்மைவிட முக்குக்குக் கிட்டத்தில். எப்படி அளந்தாய் என்று கேட்டேன். சிலிண்டரைத் தூக்கிப் போனபோது அவ்வளவு இருந்தது என்றான்.

நீ எழுதிய எண்ணூற்று நாற்பதை என் கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் கால் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தது.

தோளைப் பற்றிக் கேட்டாய். எடை ஒரு பொருட்டில்லை. ஆள்தான் கணக்கு. அப்பாவுக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். நாலு பேர் சுமக்க, நாலு பேர் கை வீசி நடந்தார்கள், தோள் நீளமாக வந்தது. இப்போது ஜிபின் திருப்பூரில், சதீஷ் மூணாறு ரிசார்ட்டில், மற்றவர்கள் எங்கெங்கோ. போன மாதம் அழகுத்தாயைத் தூக்கியபோது ஆறு பேர். முப்பத்தொரு தோள் ஆனது. பாதை நீளவில்லை, ஆள் குறைந்தது. இதை உன் புத்தகத்தில் எப்படி எழுதுவாய் என்று தெரியவில்லை.

அழகுத்தாய் திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கால் மட்டும்தான் போனது.

மச்சான் நலம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது குருசடியோடு நின்றுகொள்கிறார். அங்கிருந்தே பூசை காண முடியும் என்கிறார்.

அன்னாள்


வடகரப்பதி
8.9.2024

அன்புள்ள அக்கா,

மாதா பிறந்தநாள் அன்று எழுதுகிறேன். நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைக் குழுவில் படித்துக் காட்டினேன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டு.

பீடி முதலில் விழுந்தது. பீடித் தூரம் என்று அச்சிட்டால் அந்தப் பக்கத்தின் அடியில் புற்றுநோய்ப் படம் போட வேண்டி வரும் என்றார்கள். கூப்பாடு ஏற்கப்பட்டது. தோளுக்கு ஒன்றரை மணி நேரம் விவாதம். நோயாளியைத் தோளில் தூக்குவதாக எழுதினால், மாநிலத்தில் சாலை இல்லாத ஊர் இருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கவலைப்பட்டார். நான் விடவில்லை. வாக்கெடுப்பில் மூன்றுக்கு இரண்டு. தோள் நிலைத்தது. தூக்கப்படுவது யார் என்பதை ஓவியரிடம் விட்டிருக்கிறோம். ஆள் குறைந்தால் தோளின் நீளம் குறையும் என்ற உங்கள் குறிப்பைச் சேர்க்க முடியவில்லை. நூறு மீட்டர் என்று நிலைப்படுத்தியாகிவிட்டது.

ஷிஜுவின் பெருக்கலைப் பற்றி: அவன் வழித்தூரத்தையும் வான்தூரத்தையும் குழப்பிக்கொள்கிறான். இரண்டு முறைகளைக் கலக்கக் கூடாது. அவனிடம் கோபிக்க வேண்டாம், டீ நன்றாகப் போடுகிறான்.

இங்கே எங்கள் வீட்டுக்காரர் மாரப்பன் கவுண்டரிடம் நிலவின் தூரத்தைச் சொன்னேன். "அது கெடக்கட்டுங்க வாத்தியாரே, கொழிஞ்சாம்பாறை பஸ் இன்னும் எத்தன தோள்ல வருதுங்க?" என்றார். அறிவியல் மனப்பான்மை பரவுவதற்கு நாளாகும்.

மச்சான் ஏன் கோயில் வரை நடப்பதில்லை? நடந்தால்தான் இருதயத்துக்கு நல்லது.

செபாஸ்டின்


மேல் லயம்
20.10.2024

தம்பிக்கு,

நலம்.

பாதை விஷயமாகப் பதில் வந்துவிட்டது. நாம் முதல் பட்டியலில் இல்லை. தூரம் போதாதாம். கீழ் லயம் வந்துவிட்டது.

மச்சானுக்குக் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை. நடப்பது நல்லது என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

புத்தக வேலை எப்படிப் போகிறது?

அன்னாள்


வடகரப்பதி
27.10.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கண்டு எனக்கு ஏற்பட்ட கோபத்தில் சுகம் விசாரிக்க மறந்துவிட்டேன். மச்சானை உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

தூரம் போதாதா? எந்த மடையன் அதை அளந்தான்? மலைக்கு வராமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ ஓர் எண்ணைப் போட்டுக் கோப்பை மூடியிருக்கிறான். இப்படிப்பட்டவர்களால்தான் ஜனங்கள் சாகிறார்கள். அவன் பெயர் அந்த உத்தரவில் இருக்கும். எனக்கு அந்தத் தாளை அனுப்புங்கள். முப்பது நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். நான் எழுதுகிற எழுத்தில் அந்த ஆள் தன் வாழ்நாளில் இனி ஓர் எண்ணை எழுதக் கூசுவான்.

உடனே அனுப்புங்கள். டிசம்பர் பத்திலிருந்து மூன்று நாள் மலம்புழையில் எங்களுக்குக் கையேட்டுப் பட்டறை. அதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும்.

செபாஸ்டின்


மேல் லயம்
24.11.2024

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள், இந்த வயதில் கோபம் நல்லதில்லை.

அந்தத் தாள் மழையில் நனைந்துவிட்டது. படிக்க முடியாது. முப்பது நாளும் முடிந்துவிட்டது. விட்டுவிடு. அளந்தவரைத் திட்டாதே. கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். நல்ல மனிதராகத்தான் இருப்பார், கையெழுத்தும் நன்றாக இருந்தது.

கீழ் லயத்துக்கு ஜேசிபி வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கமாக, நாம் இறங்கும் வழியைத் தொடாமல், நாலு நாளில் வெட்டி முடித்துவிட்டார்கள். மச்சான் வாசலில் உட்கார்ந்து நாலு நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டார். முடிந்ததும் "பக்கத்துலதான் கேக்கு, என்ன" என்றார்.

எனக்கு இப்போது வெளியே கூலி வேலை குறைவு. அவர் பக்கத்திலேயே இருக்கிறேன்.

அன்னாள்


வடகரப்பதி
5.1.2025

அன்புள்ள அக்கா,

புது வருடத்தில் முதலில் எழுதும் கடிதம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சாப்பிடுகிறீர்களா?

அடக்கத்துக்கு வந்து சேராத தம்பியாகிவிட்டேன். வந்து நின்றபோது குழிமேல் மண் ஆறியிருந்தது. வினாத்தாள் மாதிரி ரகசியம் என்று பட்டறையில் போன்களை வாங்கி ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் காலைதான் தகவல் தெரிந்தது. உடலை இன்னும் ஒரு நாள் வைத்திருக்கலாமே என்று அங்கே யாரிடமோ கேட்டேன். ஐஸ் பெட்டி வந்த வண்டி முக்கோடு திரும்பிவிட்டது என்றார்.

மச்சானைத் தூக்கிப் போன அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியனின் தூரத்துக்கு முன்னால் 'தோராயமாக' என்று போடலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். போட்டுவிடலாம் என்று முடிவானது.

அக்கா, இருந்த இரண்டு நாளில் கேட்க வாய் வரவில்லை. எத்தனை பேர் தூக்கினார்கள்? எத்தனை தோள் ஆனது?

நான் சும்மா இருக்கப் போவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பு முழுவதற்கும் நகல் கேட்டு எழுதிவிட்டேன். அந்த எண்ணை எழுதியவனை மச்சானின் பெயரைச் சொல்லி நிற்க வைப்பேன்.

செபாஸ்டின்


மேல் லயம்
26.1.2025

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். ஒருத்திக்குச் சமைக்க அளவு தெரியவில்லை, மீந்துபோகிறது.

கோப்பெல்லாம் கேட்காதே. கேட்டதைத் திரும்ப வாங்க முடியுமானால் வாங்கிக்கொள்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு மூச்சு முட்டியது. ஆம்பளைகள் ஐந்து பேர்தான் லயத்தில் இருந்தார்கள். அதில் பெரியமுத்து அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. ஆறாவதாக நான் தோள் கொடுத்தேன். "நீ வேண்டாம் தாயீ" என்று பெரியமுத்து அண்ணன் சொன்னார். அப்புறம் அவரே "மாத்து" என்று என்னைப் பார்த்தார். நான் குட்டை. இறக்கத்தில் குட்டையானவர் பின்னால் பிடிக்க வேண்டும், அப்போதுதான் நாற்காலி சாயாது. அதனால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பின்தலை மட்டும் தெரிந்தது. எண்ணெய் வைத்துச் சீவிவிட்டிருந்தேன்.

முப்பத்தெட்டாவது தோளில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. முக்குக்கு இன்னும் ஒன்பது பத்துத் தோள் இருந்திருக்கும். எல்லாரும் நின்றோம். யாரும் 'மாத்து' என்று சொல்லவில்லை. பிறகு திருப்பிக்கொண்டு ஏறினோம்.

ஏற்றத்தில் எண்ணவில்லை.

அன்னாள்


வடகரப்பதி
2.3.2025

அக்கா,

கோப்பு வந்துவிட்டது.

பதினொரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் அந்த மடையனின் கையெழுத்து இருக்கிறது. அச்சடித்த மாதிரி இருக்கிறது. எண்ணூற்று நாற்பது மீட்டர், கீழே பள்ளி முத்திரை. ஐந்தாம் பக்கத்தில் விதி: ஒரு கிலோமீட்டருக்குக் குறைவானவை முதல் பட்டியலுக்குத் தகுதி இல்லை. நிலவை மனிதர் தோளில் அளந்து எழுதிய அதே வாரத்தில், நம் வீட்டை ஆகாயத்திலிருந்து அளந்து எழுதியிருக்கிறேன். இருபத்து மூன்றை நூறால் பெருக்கினால் இரண்டாயிரத்து முந்நூறு. டீக்கடையில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். எனக்கு எழுதியும் அனுப்பினாய். இரண்டு முறைகளைக் கலக்கக் கூடாது என்று பதில் எழுதினேன்.

ஒன்பதாம் பக்கத்தை நான்கு முறை படித்தேன். நர்மதா என்ற எழுத்தர் எழுதிய குறிப்பு. அதைத் தமிழில் தருகிறேன்.

'விண்ணப்பதாரர் 4.11.2024 அன்று நேரில் வந்து, தூரத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டார். சான்றளித்த ஆசிரியர், தாம் தவறாகச் சான்றளித்ததாக எழுதித் தர வேண்டும் என்றும், அது நடவடிக்கைக்காக அவருடைய துறைக்கு அனுப்பப்படும் என்றும் தெரிவிக்கப்பட்டது. அவருக்கு வேலை போகுமா என்று விண்ணப்பதாரர் கேட்டார். போகலாம் என்று சொல்லப்பட்டது. எழுதியது சரிதான் என்று கூறிச் சென்றார். கோப்பு முடிக்கப்பட்டது.'

நவம்பர் நாலாம் தேதி. முப்பது நாள் அப்போது முடியவில்லை. மச்சான் உயிரோடு இருந்தார். தாள் மழையில் நனையவில்லை.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் எழுதிக் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நாளாக இந்த வாக்கியத்தை அடித்து அடித்து எழுதுகிறேன்.

மச்சான் கேட்ட கேள்விக்கு அர்த்தம் இல்லை என்று எழுதியிருந்தேன். ஏற்றம்தான், அக்கா.

கையேடும் அச்சாகி வந்துவிட்டது. அனுப்பக் கூசுகிறது. ஆனாலும் அனுப்புகிறேன். பதினான்காம் பக்கம்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு

செபாஸ்டின்


மேல் லயம்
23.3.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமாக இருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிடு. நிமி பாறைமேல் நின்ற எனக்குப் போன் செய்து, நீ சாப்பிடுவதில்லை என்று சொன்னாள். பின்னால் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னை மறுபடியும் 'நீ' என்று எழுதியிருக்கிறாய். கடிதம் எனக்குத்தான் வந்திருக்கிறது என்று உடனே தெரிந்தது.

புத்தகத்தைப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில் பல்லக்கில் மணப்பெண் உட்கார்ந்து சிரிக்கிறாள். தூக்குகிற நாலு பேரும் சிரிக்கிறார்கள். பாதை சமமாக இருக்கிறது, ஓரத்தில் பூச்செடி. இவர்கள் நிலவு வரைக்கும் மாற்றாமலே போய்விடுவார்கள். லயத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்கு என்ன வியாதி என்று கேட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். இந்த லயத்திலிருந்து படித்து மேலே போனது நீ ஒருவன். உன் வேலையைக் கொடுத்து அந்தப் பாதையை வாங்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "விடுட்டி, புள்ள நல்லதுன்னு நெனச்சுதான் எழுதியிருப்பான்" என்றார்.

ஆனால் ஒன்று. வேலை போயிருந்தால் நீ இங்கே வந்திருப்பாய். ஒரு தோள் கூடியிருக்கும். நவம்பரில் எனக்கு அது தோன்றவில்லை. டிசம்பரில், முப்பதாவது தோளுக்கு மேல்தான் தோன்றியது.

மன்னிப்பு கேட்டு எழுத வேண்டாம். எழுதி என்ன செய்ய. இப்போது பெரியமுத்து அண்ணனுக்கு முடியவில்லை. சிறுநீரகமாம். வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்கிறார்கள். தூக்கிக்கொண்டிருந்தவர் நாற்காலிக்கு மாறிவிட்டதால், என்னையும் சேர்த்து ஐந்து பேர்தான் இருக்கிறோம். மாற்றுவதற்கு ஒரே ஓர் ஆள். ஏப்ரலில் உனக்குப் பள்ளி விடுமுறை. இரண்டு மாதம் நீ வந்து இருக்கலாம். நீ உயரம், இறக்கத்தில் முன்னால் பிடிப்பாய்.

எதையும் அளக்க வேண்டாம், எண்ணவும் வேண்டாம். ஏப்ரலில் மதியம் மழை வரும். ஆனாலும் குடை கொண்டு வராதே. இரண்டு கையும் வேண்டும்.

அக்கா,
அன்னாள்